நல்லி கமிட்டியும் முதல் கேஜும்

எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய்க்கு நல்லி என்று பெயர். கன்னடச் சொல். தமிழ் பேசுகிற நாக்கில் அது எப்போது ஏறி உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த என் மாமனார், நான் நல்லி கமிட்டி விஷயமாகப் போக வேண்டும் என்று சட்டையை மாட்டியபோது, ஆட்டு எலும்புக்கெல்லாமா இந்த ஊரில் கமிட்டி போடுகிறார்கள் என்று கேட்டார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

கட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அனுபவத்தில் ஏதாவது சொல்லுங்கள் என்றீர்கள். கொடி கட்டுவதும், ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவதும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் நீங்களே பழகிக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். ஒரு பொறுப்புக்கு ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள், அவர்மேல் ஒரு குறையையும் சேர்த்துச் சொல்கிறார்கள், நீங்கள் ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும்: அந்த நேரம்தான் கஷ்டம். நாங்கள் ஒருமுறை நன்றாக யோசித்தோம். நல்ல ஆளைத்தான் போட்டோம். அப்படியும் சறுக்கினோம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து சர்க்கார் கைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை. பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றேன். அப்படிப்பட்டவனைக் கட்சியின் நகரச் செயலாளராக ஆக்கியிருந்தார்கள். அந்தக் காலத்துக் காலைகளை இப்போது நினைத்தாலும் காது குளிர்கிறது. மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆண்கள் லைன் லைனாக இறங்கிப் போவார்கள். லைன் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. சுரங்க வாசலில் இட்லிப் பானையிலிருந்து ஆவி எழும்பும். தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானம் ஆவார்கள். மேலே அந்தப் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றுகிற வரைக்கும் ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சக்கரம்தான் கேஜை இழுக்கும். கேஜ் என்பது எங்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக்கூண்டு. கேஜில் ஆட்களை ஏற்றிக் கம்பியைப் பூட்டி, மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்கு மணியடித்துச் சைகை கொடுப்பதற்கு ஒவ்வொரு மட்டத்திலும் ஓர் ஆள் இருப்பார். பெல்காரர் என்போம். அவர் மணியடிக்காமல் யாரும் மேலே போக முடியாது. மணிக்கயிறு கையில் இருக்கிற வரைக்கும் அவர்தான் அங்கே ராஜா.

சின்னப்பன் அப்படியொரு பெல்காரர். வாட்டசாட்டமான ஆள், மெதுவாகப் பேசுவார். நகர சபைத் தேர்தலில் எங்கள் கட்சி ஜெயித்தபோது, எல்லோரையும்விட அதிக ஓட்டு வாங்கியவர் அவர்தான். சண்டை தீர்க்க, சாவு வீட்டில் நிற்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக, எதற்கும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆனால் அவர்மேல் ஒரு பேச்சும் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் கீழே பாறை வெடித்தது. பர்ஸ்ட் என்று சொல்வோம். ஊரில் தட்டுமுட்டெல்லாம் கலகலக்கும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். அன்று அடிமட்டத்தில் மணிக்கயிறு சின்னப்பன் கையில் இருந்தது. அந்த மாதிரி நேரத்துக்கு ஒரு முறை உண்டு: அடிபட்டவர்கள் முதலில், பிறகு வந்து நின்ற வரிசைப்படி. வரிசையின் கடைசியில், அடி எதுவும் படாமல், சின்னப்பனுடைய தங்கை புருஷன் நின்றிருந்தார். சின்னப்பன் அவரை இழுத்து முதல் கேஜில் ஏற்றிவிட்டார். அதில் இடம் போய்க் கீழேயே நின்றவர், முனியம்மா என்பவரின் கணவர். பிறகு எல்லோரும் பத்திரமாக மேலே வந்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததை மறக்கவில்லை.

அந்த நாளிலிருந்து ‘முதல் கேஜ்’ என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது. சினிமாக் கொட்டகையில் ஒருத்தன் இடித்துக்கொண்டு முன்னால் போனால், “இன்னாய்யா, மொத கேஜா?” என்பார்கள். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரருக்கு முதலில் இலை போட்டால், “மொத கேஜு கெளம்பிடுச்சு” என்று ஒரு குரல் வரும். சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே ஞாபகம் இருக்காது. சின்னப்பன் காதில் விழுந்தால் மட்டும் அவர் தலை குனிந்துகொள்ளும்.

இப்போது கமிட்டிக்கு வருகிறேன். பேத்தமங்களாவிலிருந்து வருகிற தண்ணீர்தான் ஊருக்கு. நகர சபை எல்லையில் நல்லி இல்லாத லைன்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் குழாய் இழுக்க முடியாது. எந்த லைனுக்கு முதலில், எந்த லைனுக்குப் பிறகு என்று வரிசை போட வேண்டும். கடைசியில் விழுகிற லைன் இன்னொரு கோடையைக் குடத்தோடு அலைந்துதான் கழிக்கும். அதைத் தீர்மானிப்பதுதான் நல்லி கமிட்டி. எங்கள் கட்சி உறுப்பினர்கள் மூன்று பேர். இரண்டு பேரை முடிவு செய்துவிட்டோம். ஒருவர் துணிக்கடை தேவராஜ், இன்னொருவர் கேஜ் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். கமிட்டிக்குத் தலைமை யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் கட்சியின் நகரத் தலைவர் ஒரு தையற்காரர். கூட்டத்திலும் அளவு நாடா கழுத்தில் தொங்கும். எந்த விஷயத்தையும் துணியாக்கித்தான் அவருக்கு யோசிக்க வரும். சின்னப்பன் பெயரை நான் சொன்னதும் நாடாவின் நுனியைச் சுருட்டத் தொடங்கினார்.

“துணியில கறை இருந்தா நான் வேணான்னு திருப்பி அனுப்பறதில்ல,” என்றார். “வெட்டறப்போ அது எங்க வந்து உழுதுன்னு பாப்பேன். உள்மடிப்புல போச்சுன்னா யாருக்கும் தெரியாது. சின்னப்பனுக்கு லைட்டு கமிட்டி குடுங்க, மார்க்கெட் கமிட்டி குடுங்க, வாய் தொறக்கமாட்டேன். நல்லி கமிட்டின்னா கறை நேரா நெஞ்சுமேல வருதே.”

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சின்னப்பன்மேல் சொல்லப்பட்ட ஒரே குறை, வரிசையைக் கலைத்தார் என்பது. நாங்கள் அவருக்குக் கொடுக்க நினைத்த வேலையோ வரிசை போடுவது. போதாக்குறைக்கு அவர் குடியிருந்த மேட்டு லைனிலும் நல்லி கிடையாது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டின ஏற்றத்தில் இருந்தது அந்த லைன். பெண்கள் கீழே இறங்கி, அடுத்த லைனில் ஏச்சு வாங்கி, குடத்தோடு ஏறி வருவார்கள்.

தேவராஜைத் தலைமைக்குப் போட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் பெயரில் ஒரு தூசி கிடையாது. மகளிர் பிரிவுக்காக அங்கே உட்கார்ந்திருந்த முனியம்மா வாயைத் திறந்தது அப்போதுதான். முதல் கேஜில் இடம் போனவரின் மனைவி என்று சொன்னேனே, அவரேதான். சுரங்க வாசலில் இட்லி விற்பவர். மேட்டு லைன்காரர்.

“தேவராஜண்ணன் வேட்டி வெள்ளையாத்தான் கீது,” என்றார். “எங்கனா உக்காந்தாத்தானே அழுக்காவும்.”

தேவராஜ் அங்கேயே இருந்தார். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். நல்ல மனிதர். எந்த வம்புக்கும் போகாதவர், அதனால் எந்த உதவிக்கும் போகாதவர் என்று அவருக்கே தெரியும்.

அப்படியானால் சின்னப்பனைப் போடலாமா என்று தலைவர் முனியம்மாவைக் கேட்டார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அந்த அறையில் அந்தப் பேச்சைப் பேச உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

“நான் அன்னைக்கி மேல வாசல்ல நின்னுகினு இருந்தேன்,” என்றார். “மொத கேஜ் வந்துச்சு. எறங்கினவங்கள்ல என் வூட்டுக்காரரு இல்ல. அத நான் மறக்கல. அவரக் கூப்புடுங்க. அவரு வாயால ஒண்ணு கேக்கணும்.”

சின்னப்பனைக் கூப்பிட்டோம். வந்தவர் உட்காரவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். முனியம்மா சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு உன் தங்கை வீட்டுக்காரருக்கு அடி பட்டிருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்.

“இல்லம்மா,” என்றார் சின்னப்பன்.

“பின்ன?”

“கயிறு என் கையில இருந்துச்சு. வரிசை கண்ணுக்குத் தெரியல. என் தங்கச்சி மூஞ்சிதான் தெரிஞ்சுது. அவனப் புடிச்சு உள்ள தள்ளினேன். தப்புதான்.”

முனியம்மா தன் வளையலை ஒரு சுற்றுத் திருகினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “போடுங்க,” என்றார். பொய் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

போட்டோம். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த முடிவில் தப்பில்லை. குறையை மறைக்காமல் பேசினோம், பாதிக்கப்பட்டவர் முன்னால் கேட்டோம், பதில் நேர்மையாக வந்தது. அவர் கிளம்பும்போது தலைவர் தோளில் தட்டி ஒரு வார்த்தை சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். “ஊரே உங்க கையத்தான் பாத்துகினு கீது. ஞாபகம் வெச்சிக்குங்க,” என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

சின்னப்பன் ஞாபகம் வைத்துக்கொண்டார். அதில்தான் வந்தது வினை.

ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒவ்வொரு லைனாக நடந்தார். கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்களிடம் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொன்ன பதில்களை எனக்கு நடித்தே காட்டுவார். ஒரு லைனில் ஒரு பெண், தண்ணி எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, போகும்போது சண்டை போட்ட புருஷன்மேல் திரும்பி வருவதற்குள் கோபம் ஆறிவிடும், அவ்வளவு தூரம் என்றாளாம். மேட்டு லைனுக்கு மட்டும் அவர் போகவில்லை. நமக்குத் தெரிந்த இடம்தானே என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

வரிசை வந்தது. மேட்டு லைன் கடைசி.

ஊர் மெச்சியது. முதல் கேஜ்காரர் கடைசி கேஜில் நிற்கிறார் பாருங்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். பரிகாசத்துக்கு இருந்த வார்த்தை ஒரே வாரத்தில் பாராட்டாகிவிட்டது. தலைவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கறை எங்கே போயிற்று பார்த்தீர்களா, உள்மடிப்பு என்று என்னிடம் நாடாவை ஆட்டிக் காட்டினார். மற்ற இரண்டு உறுப்பினர்களும், சின்னப்பனே தன் லைனைக் கடைசியில் போடும்போது நாம் என்ன பேசுவது என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் கமிட்டி கையெழுத்துப் போட்டு நகர சபைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான் சட்டையை மாட்டியதும், மாமனார் எலும்பைப் பற்றிக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

நகர சபைக் கட்டிடத்தில் மாடியில்தான் கமிட்டி அறை. கீழே ஒரு டீக்கடை. நான் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மேட்டு லைன் பெண்கள் காலிக் குடங்களோடு படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் இல்லை. உறுப்பினர் யாராவது ஏற வந்தால் குடத்தைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், ஆனால் காலை நகர்த்தமாட்டார்கள். கடைசிப் படியில் முனியம்மா. எதிரே தலைவரும் சின்னப்பனும்.

தலைவர் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் லைன் ஆளே உங்களைக் கடைசியில் போட்டிருக்கிறார் என்றால் அவர் மனசு எவ்வளவு பெரிசு, அதை நீங்கள்தானே முதலில் மெச்ச வேண்டும் என்றார். முனியம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. சின்னப்பனைப் பார்த்துத்தான் பேசினார்.

“அண்ணா, எங்க லைனுக்கு வந்து கெணத்த எட்டிப் பாத்தியா?”

சின்னப்பன் துண்டைக் கையில் முறுக்கினார்.

“ஊருல எல்லா கெணத்தையும் பாத்த. உன் பொண்டாட்டி தண்ணி சேந்தற கெணத்தப் பாக்கல. பாத்தா இன்னா போட வேண்டியிருக்கும்னு உனுக்குத் தெரியும். அன்னைக்கி உன் தங்கச்சிக்காக என் வூட்டுக்காரரப் பின்னாடி தள்ளின. பொறுத்துகினேன். இன்னைக்கி உன் பேருக்காக லைன் மொத்தத்தையும் பின்னாடி தள்ளிட்ட. ரெண்டு வாட்டியும் மொத கேஜுல ஏறினது உன் ஆளுதாண்ணா.”

சின்னப்பன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடிவாங்கிய மாதிரி இல்லை. ரொம்ப நாளாகச் சுமந்த மூட்டையை யாரோ பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டிய மாதிரி இருந்தது.

“முன்னாடி போட்டாலும் பேசுவாங்க, பின்னாடி போட்டாலும் பேசறீங்க,” என்றார். “நான் எங்க போட்டாலும் அது என் கைதானே, முனியம்மா. நான் இன்னா பண்ணட்டும்.”

மாடியில் கமிட்டியின் மற்ற இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அந்த இடத்தில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். கூட இருந்த கட்சிக்காரர்கள் என் காதில் ஆளுக்கொன்று ஓதினார்கள். சின்னப்பனை எடுத்துவிட்டுத் தேவராஜைத் தலைமைக்குப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றார் ஒருவர். போட்டிருந்தால், செய்யாத தப்புக்குச் சின்னப்பனைத் தண்டித்ததாக ஆகியிருக்கும். தலைவரே ஒரு வார்த்தை சொல்லி மேட்டு லைனை மேலே ஏற்றிவிடட்டும் என்றார் இன்னொருவர். சொல்லியிருந்தால், அடுத்த வாரம் ஒவ்வொரு லைனும் காலிக் குடத்தோடு வந்து தலைவர் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும். எதையும் மாற்றாதீர்கள், ஊர் மெச்சுகிறதே என்றார் மூன்றாமவர். மெச்சுகிற ஊர் மேட்டில் இல்லை, நல்லி இருக்கிற இடத்தில் இருந்தது. தலைவர் நாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். அவர் கையில் அன்று துணி இல்லை.

அப்போது முனியம்மா கேட்டார். குரலில் கோபம் இறங்கியிருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

“ஷிஃப்ட் முடிஞ்சி நீயும் மேல ஏறி வருவேல்ல. அப்போ மணி யாரு அடிப்பா?”

“வேறாளு,” என்றார் சின்னப்பன், யோசிக்காமல். “ஏறறவன் அடிக்கக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் பெல்காரன் வந்து கயித்தப் புடிச்சப்புறம்தான் நான் உள்ள போவேன்.”

எங்கள் சுரங்கத்தில் அது எழுதாத வழக்கம். பெல்காரர் ஏறுகிற கேஜுக்கு அவரே மணியடித்தால் எங்கள் கண்ணுக்கு ஒப்பாது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை.

“அது கீழ,” என்றார் முனியம்மா. “மேல வந்தா அந்த மொறை இல்லியா?”

தலைவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மாடியில் இருக்கிற மற்ற இரண்டு உறுப்பினர்களும் இப்போதே மேட்டு லைனுக்குப் போய்க் கிணற்றைப் பார்த்துவிட்டு வரட்டும், வந்து அந்த ஒரு லைனுக்கு இடம் எது என்று அவர்கள் மட்டும் பேசட்டும் என்றார். மற்ற லைன்களுக்குச் சின்னப்பன் போட்ட வரிசை அப்படியே இருக்கும். “சின்னப்பன், நீங்க மேல போவாதீங்க. இங்கியே டீ குடிங்க,” என்றார். முனியம்மா எழுந்தார். தலைவர் கையைக் காட்டினார். “நீங்களுந்தான் முனியம்மா. உங்க கொடமும் அந்த லைன்லதான் கீது.”

முனியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தான் கேட்ட கேள்வி தன் பக்கமும் திரும்பும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்கள் படியை விட்டு இறங்கி வழி கொடுத்தார்கள்.

தேவராஜும் எஞ்சின் டிரைவர் பெரியவரும் போனார்கள். வெயிலில் அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கித் திரும்பியபோது தேவராஜின் வேட்டி முழங்கால் வரை செம்மண். முனியம்மா அதைப் பார்த்தார். இரண்டு பேரும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் கீழே இருந்தோம். மரப்பலகை போட்ட மாடி. நாற்காலி நகர்கிற சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். பேச்சு கேட்காது. சின்னப்பன் டீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணாந்து பார்த்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அடிமட்டத்தில் எத்தனை கலவரத்திலும் நிதானமாக நிற்கிற ஆள்.

“முனியம்மா,” என்றார், கொஞ்ச நேரம் கழித்து. “இத்தினி வருஷமா கயிறு என் கையிலதான். கீழ நின்னு மணிக்குக் காத்துகினு இருக்கறது எப்பிடி இருக்கும்னு இன்னைக்கித்தான் தெரியுது. உன் வூட்டுக்காரரு அன்னைக்கி இப்பிடித்தான் நின்னுகினு இருந்திருப்பாரு, இல்ல?”

முனியம்மா மடியில் இருந்த குடத்தின் விளிம்பைத் துடைத்தார். பிறகு டீக்கடைக்காரரைப் பார்த்து, “அண்ணனுக்கு வேற டீ குடுப்பா. அது ஆறிப் போச்சு,” என்றார்.

அந்த இரண்டாவது டீ வருவதற்குள் மேலே பலகையில் ஒரு சத்தம். யாரோ கைத்தடியால் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அலமாரியில் கிளாசுகள் கிணுகிணுத்தன. எஞ்சின் டிரைவர் பெரியவரின் குறும்பு. வாழ்நாளெல்லாம் கீழேயிருந்து வருகிற மணிக்குக் கட்டுப்பட்டு எஞ்சின் ஓட்டியவர், அன்றைக்கு முதல் தடவையாக அவர் மணியடித்தார். எங்கள் சுரங்கத்தில் மூன்று மணி என்றால், ஆட்கள் ஏறுகிறார்கள், பத்திரமாக இழு என்று அர்த்தம்.

சின்னப்பன் எழுந்து நின்றுவிட்டார். அவர் வலது கை தானாகத் தோளுக்கு மேலே, கயிறு இருக்கிற உயரத்துக்குப் போயிற்று. அங்கே கயிறு இல்லை. கையைக் கீழே இறக்கிக்கொண்டு படியேறினார்.

மேட்டு லைனுக்கு மூன்றாவது இடம். கிணறு இடிந்துபோன பள்ளத்து லைனும், சுடுகாட்டை ஒட்டின லைனும் அதற்கு முன்னால். கேட்டதும் முனியம்மா, “மூணாவதா?” என்று முகத்தைச் சுளித்தார். பிறகு பள்ளத்து லைன் பெண்கள் படுகிற பாடு அவருக்கும் தெரியும் ஆதலால், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். போகிறபோக்கில் தேவராஜின் வேட்டியைப் பார்த்து, “இப்பத்தாண்ணா பாக்க நல்லா கீது,” என்றார்.

தலைவர் அன்று சாயங்காலம் கடையில் பட்டன் தைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். தன் பிழை எது என்று அவரே கண்டுபிடித்திருந்தார். “கறை எங்க வருதுன்னு பாத்தேன். ஆனா ஊரே பாக்குதுன்னு சொல்லி அனுப்பினேன் பாரு. போட்டுகினவன் அத ஒரு கையால மறைச்சிகினே நடந்தான். மறைக்கற கையால வேற வேலை செய்ய முடியாதுல்ல,” என்றார். ஒருவர் குறையைத் தெரிந்தே அவரை நியமிக்கிறீர்கள் என்றால், அந்தக் குறை தொடுகிற இடத்தில் முடிவை அவர் கையில் விடாதீர்கள். மற்ற இடத்திலெல்லாம் அவரை நிம்மதியாக விடுங்கள். இதை நான் அழகாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆயின. அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் உறுப்பினர்கள் நடுவில் அது வழக்கமாகிவிட்டது. தன் சொந்தக்காரர் விஷயமோ, தன் தெரு விஷயமோ வந்தால், யாராவது மேஜையை மூன்று தட்டுத் தட்டுவார்கள். சம்பந்தப்பட்டவர் எழுந்து கீழே போய்விடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். சின்னப்பன் அந்தக் கமிட்டியில் பல வருஷம் இருந்தார். முதல் கேஜ் என்ற பேச்சு ஊரில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டால் அவர் தலை குனிவது நின்றுவிட்டது. சில சமயம் அவரே சொல்லுவார்.

இப்போது சக்கரம் நின்றுவிட்டது. சங்கு ஊதுவதில்லை. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறார்கள். அந்த டீக்கடையும் இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர். கூட்டம் நடக்கும்போது உறுப்பினர் ஒருவர் மட்டும் தனியாக இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்பார்: “இன்னா சார், உங்க லைனா?”

நீங்கள் கமிட்டிகளில் உட்காரும்போது அப்படிக் கேட்க ஆள் இருக்கமாட்டார். நீங்களே கேட்டுக்கொண்டு, எழுந்து டீ குடிக்கப் போங்கள்.